முதிய பெண்டிரும் அறுவை மருத்துவமும்

தஞ்சைத் தரணியின் நெல்வளத்தைப் பற்றிப் பேசுவோர் கல்லணையைப் போற்றுவர். 1934-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மேட்டூர் அணையைப் போற்றுவர். குறுவை, சம்பா, தாளடி என்னும் பட்டங்களை விரித்துரைப்பர். நாற்றைப் பறித்து, முடி கட்டி, சேற்றில் குனிந்து நின்று நட்ட பெண்டிரைப் பற்றியும் சிலர் பேசுவதுண்டு. அப்பெண்டிர் முதுமை எய்திய பின்னர் அவர்தம் உடல் பட்ட பாட்டைப் பேசுவோர் மிகச் சிலரே. அவ்வரலாற்றின் ஒரு பகுதியை மாணவ நண்பர்களாகிய உங்கள்முன் இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

என் பொருள் ஒரு கேள்வியில் அடங்கும். அறுபது, எழுபது ஆண்டுகளைக் கடந்த மூதாட்டி ஒருவருக்குக் கருப்பை சார்ந்த பெரிய அறுவை மருத்துவம் செய்யலாமா? செய்தால் உயிருக்கு ஊறு நேராதா? "இந்த வயதில் எதற்குக் கத்தி?" என்று வீட்டார் கேட்கின்றனர். "வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது, இனி எனக்கு ஆசுபத்திரி ஏன்?" என்று மூதாட்டியே கூறிவிடுகின்றார். ஒரு காலத்தில் அவ்விடை அறிவுடைய விடையாகவே இருந்தது. அது எக்காலத்தில், எவரெவர் முயற்சியால், எவ்வாறு மாறியது என்பதே நாம் காணப்போகும் வரலாறு.

முதலில் நோயை அறிதல் வேண்டும். நம் வயல்நாட்டு மூதாட்டியரைப் பெரிய அறுவைக்கு உள்ளாக்கும் நிலைகளுள் மூன்று முதன்மையானவை. ஒன்று, கருப்பை தன் நிலையினின்று நழுவிக் கீழிறங்குதல். மக்கள் இதனை அடியிறக்கம் என்பர். இரண்டாவது, சூலகத்திலோ கருப்பையிலோ வளரும் கட்டி. மூன்றாவது, புற்றுநோய். இவற்றுள் அடியிறக்கம் உழைப்போடு நெருங்கிய தொடர்புடையது. கருப்பையைத் தாங்கி நிற்பன இடுப்புக் கூட்டின் தசைகளும் நார்களும் ஆகும். பல மகப்பேறுகளால் அவை நெகிழ்கின்றன. நீண்ட நேரம் இடுப்புவலி கண்டு பெற்றவர்க்கும், பேறுகால ஓய்வின்றிச் சுமை தூக்கச் சென்றவர்க்கும் அந்நெகிழ்ச்சி மிகுதி. மாதவிலக்கு நின்ற பின்னர்ச் சூலகச் சுரப்பு குறைவதால், நெகிழ்ந்தவை மேலும் தளர்கின்றன. நாட்பட்ட இருமலும் மலச்சிக்கலும் அத்தளர்ச்சியை விரைவுபடுத்தும். இளமையில் சிறிதாகத் தொடங்கிய குறை முதுமையில் முற்றி வெளிப்படுவது இதனால்தான்.

இந்நோய் உடனே உயிரைப் பறிப்பதன்று. அதனாலேயே அது மறைக்கப்படுகின்றது. பழஞ்சேலைக் கிழிசலை மடித்து அணைத்துக் கட்டிக்கொண்டு, நடக்கும்போதும் உட்காரும்போதும் வேதனையுற்று, சிறுநீரை அடக்க இயலாமல் கோயிலுக்கும் திருமணத்திற்கும் செல்வதைத் தவிர்த்து, பெற்ற மகளிடமும் கூறாமல் இருபது ஆண்டுகள் கழித்தவர்கள் உண்டு. பாபநாசத்தை அடுத்த திருக்கருகாவூரில் கருக்காத்த நாயகிக்குக் கோயில் எடுத்து வழிபடும் நாடு இது. கருவைச் சுமக்கும் காலத்துப் பெண்ணுக்கு ஊரே துணை நிற்கின்றது. சுமந்து ஓய்ந்த காலத்தில் அவள் தனித்துவிடப்படுகின்றாள்.

இங்கு மருத்துவமனைகள் இல்லாமையால் இந்நிலை நேர்ந்தது எனக் கூற இயலாது. சோழர் காலத்திலேயே ஆதுலசாலைகள் இருந்தன. முதலாம் இராசராசனின் தமக்கையார் குந்தவையார் தஞ்சையில் தம் தந்தை பெயரால் ஆதுலசாலை ஒன்றை அமைத்து நிவந்தம் அளித்தார். வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையைக் குறிப்பிடுகின்றது. அங்கு மருத்துவரோடு சல்லியக்கிரியை செய்பவரும், நோயாளரைப் பேணும் பெண்டிரும் இருந்தனர். பிற்காலத்தே, 1798 முதல் 1832 வரை அரசிருந்த இரண்டாம் சரபோசி மன்னர் தஞ்சையில் தன்வந்திரி மகாலை நிறுவினார். அவர் காலத்தில் நடந்த கண் மருத்துவத்தின் குறிப்பேடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டுள்ளன. கண்புரை பெரும்பாலும் முதுமையில் வருவது. ஆகவே முதியோர்க்குக் கருவி கொண்டு மருத்துவம் செய்வதும், அதன் விளைவை ஏட்டில் பதிவதும் இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே தஞ்சை அறிந்தவையே.

ஆனால் கண் வேறு, வயிறு வேறு. வயிற்றைத் திறந்தால் சாவு என்பது அந்நாளில் உலகெங்கும் மருத்துவர் கொண்டிருந்த முடிபு. அம்முடிபை முதன்முதலில் அசைத்தது ஒரு பெண்ணின் துணிவாகும். அமெரிக்காவின் கென்டக்கி நாட்டுப்புறத்தில் ஜேன் டாட் கிராஃபோர்டு என்னும் 46 வயதுப் பெண்மணிக்குச் சூலகத்தில் பெருங்கட்டி வளர்ந்திருந்தது. எஃப்ரெய்ம் மக்டவல் என்னும் மருத்துவர், கட்டியை அகற்ற முயலலாம், ஆயினும் இதற்கு முன் எவரும் பிழைத்ததாகத் தாம் அறியவில்லை என்று ஒளிக்காமல் கூறினார். அவ்வம்மையார் உடன்பட்டு, ஏறத்தாழ அறுபது மைல் தொலைவைக் குதிரைமீது கடந்து அவர் வீட்டை அடைந்தார். 1809-ஆம் ஆண்டு டிசம்பரில், மயக்க மருந்து ஏதுமின்றி, இருபத்தைந்து நிமிடங்களில், இருபத்திரண்டு பவுண்டுக்கு மேற்பட்ட கட்டி அகற்றப்பட்டது. ஐந்தாம் நாள் மருத்துவர் சென்று பார்த்தபோது அம்மையார் எழுந்து தம் படுக்கையைத் தாமே சரிசெய்துகொண்டிருந்தார். அவர் பின்னும் 32 ஆண்டுகள் வாழ்ந்து, 78-ஆம் வயதில் மறைந்தார். ஐந்தாம் நாள் எழுந்து நின்ற அச்செய்தியை நினைவிற் கொள்ளுங்கள். அதன் பொருளை உணர மருத்துவ உலகிற்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஒருவர் பிழைத்தார் என்பதால் வழி திறந்துவிடவில்லை. வலி, சீழ், குருதியிழப்பு என்னும் மூன்று பகைகள் நின்றன. 1846-இல் பாஸ்டன் நகரில் ஈதரும், 1847-இல் எடின்பரோவில் சிம்சன் கையாண்ட குளோரோபாரமும் வலியை வென்றன. எனினும் குளோரோபாரம் சிலரைச் சிகிச்சை மேசையிலேயே மாய்த்தது. அதன் தீங்கை ஆராய ஐதராபாத் நிசாமின் ஆதரவில் 1888-லும் 1889-லும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் கூடின என்பது நம் நாட்டு மருத்துவ வரலாற்றில் குறிக்கத்தக்கது. அடுத்த பகை சீழ். 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ், மருத்துவர் கைகழுவினால் பேறுகாலக் காய்ச்சல் குறையும் என மெய்ப்பித்தார். அவரைப் பலர் எள்ளினர். 1867-இல் லிஸ்டர் கிருமிநாசினி முறையை வெளியிட்டபின் உண்மை மெல்ல வேரூன்றியது.

இங்கே எண்ணிக்கையின் ஆற்றலைப் பற்றி ஒரு சொல். லண்டன் மருத்துவர் ஸ்பென்சர் வெல்ஸ், தாம் செய்த ஒவ்வொரு சூலக அறுவையையும், பிழைத்தவரை மட்டுமின்றி இறந்தவரையும் சேர்த்து, வெளிப்படையாகப் பதிந்து வந்தார். முதல் நூறு பேரில் ஏறத்தாழ மூவருக்கு ஒருவர் இறந்தனர். 1880-ஐ ஒட்டி ஆயிரத்தை எட்டிய காலத்தில் அவ்விகிதம் ஒன்பதில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. தோல்வியை மறைத்திருந்தால் எதனால் தோற்றோம் என்பதை அவர் கற்றிருக்க முடியாது. அச்சத்திற்கு மாற்றாக அளவை வைத்த முதல் முயற்சிகளுள் இது ஒன்று.

இவையெல்லாம் மேனாட்டில் நிகழ, நம் பெண்டிரின் நிலை யாது? ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டுவதினும் இறப்பதே மேல் என்று கருதிய பெண்டிர் பலராக இருந்தனர். மருத்துவம் எத்துணை முன்னேறினும் வாயிலைக் கடந்து வாராதவர்க்கு அதனால் பயன் இல்லை. இதனை உணர்ந்தவர் மேரி ஷார்லீப் அம்மையார். வழக்கறிஞரான கணவரோடு சென்னைக்கு வந்த அவர், 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தபோது சேர்ந்த முதல் மாணவியருள் ஒருவர். பின்னர் லண்டனிலும் பயின்று திரும்பி, 1885-இல் சென்னையில் கோஷா மருத்துவமனை தோன்றக் காரணராய் விளங்கினார். திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுவே. சென்னையில் பயின்ற இப்பெண்மணி பிற்காலத்தில் லண்டனில் மகளிர்க்கான வயிற்று அறுவையில் பெரும்புகழ் பெற்றார். தஞ்சைக்கு அண்டையிலுள்ள புதுக்கோட்டையிற் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார்.

காவிரிக்கரையும் தன் பங்கை அளித்தது. கும்பகோணத்தை அடுத்த சருக்கையிற் பிறந்த மருத்துவர் ரங்காச்சாரி, 1934-இல் மறையும்வரை தென்னாட்டின் தலைசிறந்த அறுவை மருத்துவராக மதிக்கப்பட்டார். தொலைவிலிருந்த நோயாளரைக் காணத் தம் சொந்த விமானத்தில் பறந்து சென்ற அவருடைய சிலை சென்னைப் பொது மருத்துவமனையின் முன் நிற்கின்றது. தஞ்சை நகரில் அரச குடும்பமும் மிராசுதார்களும் அளித்த கொடையைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்பது இராசா மிராசுதார் மருத்துவமனை. 1959-இல் தஞ்சை மருத்துவக் கல்லூரி தோன்றியது. இன்று அக்கல்லூரியைச் சார்ந்த மகப்பேறு, மகளிர் மருத்துவப் பிரிவுகள் அப்பழைய மருத்துவமனையில் இயங்குகின்றன. முன்பு சென்னைக்கோ வேலூருக்கோ செல்ல வேண்டியிருந்த பெரிய அறுவைகள் இதனால் நம் மாவட்டத்திலேயே நடைபெறலாயின.

இனி, முதியோர்க்கென்றே எழுந்த வழிகளைக் காண்போம். பண்டைய கிரேக்க மருத்துவர் அடியிறக்கத்திற்கு மாதுளம்பழத்தின் பாதியை உட்செலுத்தித் தாங்கச் செய்தனர். இன்று மருத்துவர் பொருத்தும் வளையம் அக்கருத்தின் வழித்தோன்றலே. 1877-இல் பிரெஞ்சு மருத்துவர் லெ ஃபோர், கருப்பையை அகற்றாமலேயே, யோனிக் குழாயின் முன்சுவரையும் பின்சுவரையும் இணைத்துத் தைத்து, இறக்கத்தைத் தடுக்கும் எளிய முறையை வெளியிட்டார். இல்லறம் துறந்த முதியோர்க்கு மட்டுமே அது பொருந்தும். நேரமும் குருதியிழப்பும் குறைவு. அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்தும் முடிக்கலாம். வயிற்றைக் கிழிக்காமல் கீழ்வழியாகவே கருப்பையை அகற்றும் முறையும் வளர்ந்தது. வயிற்றில் காயம் இல்லாததால் முதியவர் மூச்சை இழுத்து விடவும் இருமவும் விரைவில் எழவும் இயல்கின்றது. புற்றுநோய்க்கு வியன்னாவின் வெர்தைம் 1898-இல் வகுத்த பேரறுவை தொடக்கத்தில் பலரைப் பலி கொண்டது. கல்கத்தாவின் சுபோத் மித்ரா, கீழ்வழி அறுவையோடு வயிற்றறையைத் திறவாமலே நிணநீர்க் கணுக்களை அகற்றும் முறையைச் சேர்த்து ஒரு புது வழி கண்டார். அவர் பெயராலேயே மித்ரா அறுவை என்று அது உலகில் வழங்கலாயிற்று. நோயாளியின் வலிமைக்கேற்ப அறுவையை வடிவமைத்தல் என்னும் கொள்கை இவ்வனைத்திலும் ஊடுருவி நிற்பதைக் காணலாம்.

இருபதாம் நூற்றாண்டில் எஞ்சிய பகைகளும் தளர்ந்தன. 1898-இல் பீர் என்னும் செர்மானியர் தண்டுவடத்தில் மருந்து செலுத்தி இடுப்புக்குக் கீழ் மரக்கச் செய்தார். 1901-இல் லேண்ட்ஸ்டைனர் குருதி வகைகளைக் கண்டறிந்ததால், இழந்த குருதியை ஈடு செய்ய வழி பிறந்தது. சல்பா மருந்துகளும் பெனிசிலினும் சீழை அடக்கின. ஆயினும் ஒரு பழைய வழக்கம் நெடுநாள் நீங்கவில்லை. அறுவைக்குப்பின் இரண்டு வாரம், மூன்று வாரம் படுக்கையை விட்டு அசையலாகாது என்பதே அது. அசையாது கிடக்கும் முதியவரின் காற்சிரையில் குருதி உறையும். அக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் நொடியில் உயிர் போகும். நுரையீரலில் சளி தேங்கிக் கபவாதம் வரும். முதுகில் படுக்கைப்புண் வரும். காயம் ஆறியும் நோயாளி இறந்த கதைகள் பல இவ்வாறு நேர்ந்தவை. சிகாகோவின் மகளிர் மருத்துவர் எமில் ரீஸ், நோயாளரை விரைவில் எழுப்பி நடக்கவிட வேண்டும் என்று 1899-இலேயே எழுதினார். அவர் கருத்து பொதுவழக்காவதற்கு 1940-கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கென்டக்கிப் பெண்மணி ஐந்தாம் நாளில் தம் படுக்கையைச் சரிசெய்தது கீழ்ப்படியாமை அன்று. அவர் உயிருக்கு அது துணையாகவே இருந்திருக்கும்.

இவ்வளவுக்குப் பின்னும் 'வயது' என்னும் தடை நின்றது. அதனை எடை போட்டுப் பார்த்த ஆராய்ச்சி ஒன்றைக் கூறுவேன். 1977-இல் பாஸ்டன் நகரில் கோல்டுமன் என்பவரும் தோழர்களும், நாற்பது வயதைக் கடந்து, இதயம் அல்லாத பிற உறுப்புகளில் அறுவை செய்துகொண்ட 1001 நோயாளரை ஆராய்ந்தனர். இதயத்தால் வரும் ஆபத்துக்கு ஒன்பது காரணங்களைக் கண்டு, ஒவ்வொன்றுக்கும் புள்ளி வகுத்தனர், மொத்தம் 53. எழுபது வயதைக் கடந்திருத்தலுக்கு 5 புள்ளி. ஆறு மாதத்திற்குள் மாரடைப்பு வந்திருத்தலுக்கு 10. இதயம் தளர்ந்து கழுத்துச் சிரை புடைத்திருத்தல் முதலிய அறிகுறிகளுக்கு 11. முன்னேற்பாடின்றி அவசரமாகச் செய்யும் அறுவைக்கு 4. வயது ஒரு பாரமே, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பிற பாரங்களுள் சில அதனினும் பெரியவை. அவற்றுட் பல முன்கூட்டியே இறக்கி வைக்கத்தக்கவை. காலம் கடத்திக் கடத்தி, கடைசியில் அவசரமாகக் கொண்டுவரும்போது, வயதின் பாரத்தோடு மற்றொன்றையும் நாமே ஏற்றுகின்றோம். இன்று மருத்துவர் கையாளும் கணக்கீடுகள் வேறு. அவற்றின் அடிப்படை இதுவே.

2001-இல் லிண்டா ஃபிரைடு என்னும் அம்மையாரும் குழுவினரும் முதுமைத் தளர்ச்சியை அளக்க ஐந்து அடையாளங்களைக் கூறினர்: காரணமின்றி எடை குறைதல், ஓயாத களைப்பு, கைப்பிடியின் வலுக்குறைவு, நடையின் மந்தம், உடலுழைப்புக் குறைவு. இவற்றுள் மூன்று இருப்பின் அவர் தளர்ந்தவர். எழுபத்தைந்து வயதிலும் குடம் சுமந்து வரப்பில் நடக்கும் மூதாட்டி, அறுபது வயதில் எழுந்து நிற்கத் தள்ளாடுபவரினும் அறுவையை நன்கு தாங்கக்கூடும். பஞ்சாங்கம் காட்டும் வயதை விட நடை காட்டும் வயது மருத்துவருக்குப் பயன்படுவது.

ஆகவே இன்று பாதுகாப்பு என்பது கத்தி பிடிக்கும் கையில் மட்டும் இல்லை. அறுவைக்குச் சில வாரம் முன்பே அது தொடங்குகின்றது. குருதிச்சோகை இருப்பின் இரும்புச்சத்து அளித்துத் தேற்றுகின்றனர். நீரிழிவையும் குருதியழுத்தத்தையும் கட்டுக்குள் கொணர்கின்றனர். இதயத்தையும் சிறுநீரகத்தையும் சோதிக்கின்றனர். உண்ணும் மருந்துகள் அனைத்தையும் கேட்டறிகின்றனர். நாட்டு மருந்தாயினும் மறையாது கூற வேண்டும். வெளிவந்த கருப்பையில் புண் இருப்பின் முதலில் அதனை ஆற்றுகின்றனர். மூச்சுப் பயிற்சியை முன்னரே கற்பிக்கின்றனர். அறுவைக்குப் பின் அன்றோ மறுநாளோ எழுப்பி அமர்த்தி நடத்துகின்றனர். குருதி உறையாதிருக்க மருந்தளிக்கின்றனர். முதியோர் சிலர்க்கு அறுவைக்குப்பின் சிலநாள் மனம் குழம்பி, இடமும் ஆளும் தெரியாமற் போவதுண்டு. அப்போது அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கையில் தந்து, அறிந்த குரலில் பேசி அருகிருப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியாகும். அதனைச் செய்யத் தகுந்தவர் வீட்டிலுள்ளவரே.

முதியவர் அனைவரும் அறுவை செய்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்தன்று. இறக்கம் சிறிதாயின் இடுப்புத்தசைப் பயிற்சியே போதியதாகலாம். உடல் தாங்காதெனில் வளையம் உதவும். சில புற்றுநோய்களுக்குக் கதிர் மருத்துவமே தக்கது. அறுவையால் வரும் நன்மையையும் ஆபத்தையும் எடுத்துக்கூறுவது மருத்துவர் கடமை; முடிவு செய்வது அம்மூதாட்டியின் உரிமை. மக்டவல் ஒளிக்காமற் கூறினார், கிராஃபோர்டு அம்மையார் தாமே முடிவு செய்தார். நம் இல்லங்களிலோ மகனும் மருமகனும் திண்ணையில் கூடி முடிவெடுக்க, உடலுக்குரியவர் அடுப்படியில் காத்திருக்கும் வழக்கம் இன்னும் முற்றும் மறையவில்லை. "வயதாகிவிட்டது" என்னும் சொல் அக்கூட்டத்தில் மருத்துவ முடிவுபோல் ஒலிக்கின்றது. பலவேளைகளில் அது செலவைப் பற்றிய முடிவு. அறுவடைக்கு ஆள் வேண்டும் என்பதைப் பற்றிய முடிவு.

மாணவ நண்பர்களே, நீங்கள் உயிரியலும் கணக்கும் கற்றவர்கள். வீட்டு மூதாட்டியர் கடினமாக உட்கார்வதையும், அடிக்கடி எழுந்து செல்வதையும், வெளியூர்ப் பயணத்தை மறுப்பதையும் கவனிக்கும் கண் உங்களுக்கு உண்டு. மாணவியராகிய உங்களிடம் பாட்டிமார் பிறரிடம் சொல்லாததைச் சொல்வர். மாதவிலக்கு நின்று ஆண்டுகள் கழிந்தபின் ஒரு துளி உதிரம் காணினும் அது வெப்பத்தால் வந்ததென்று விட்டுவிடத் தக்கதன்று. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியது. வயிறு காரணமின்றிப் பருத்தலும், கீழே ஏதோ இறங்குவதுபோல் தோன்றுதலும் அத்தகையவையே. அவர்களோடு நீங்களே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெளிநோயாளர் சீட்டை வாங்கிக் கொடுங்கள். மருத்துவர் கூறுவதைக் குறித்துக்கொண்டு, அவர்களுக்கு விளங்கும் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். நடவுக்கும் அறுப்புக்கும் இடையே சில வாரங்கள் வயலில் வேலை இராது. அந்நாட்களில் சென்றால், அவசரமின்றி ஆய்ந்து முடிவு செய்ய நேரம் இருக்கும்.